விடுதி கட்டினோம், குழந்தைக் காப்பகம் எங்கே?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட்டில், 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பெண்கள் அதில் தங்கலாம். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி வரும் பெண்களுக்கு அது பெரிய உதவி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூனில், அதே பகுதியில் ஐபோன்களைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விரிவாக எழுதியிருந்தது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. சில நாள் பரபரப்புக்குப் பின் பேச்சு அடங்கிவிட்டது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெண்களுக்குக் கல்யாணமான பிறகு என்ன ஆகிறது?

நம் தொழில் வளர்ச்சி யாரை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டது என்பதை அது கட்டிய கட்டடங்களே சொல்லும். ஊரைவிட்டு வந்து, குழந்தை குட்டி இல்லாமல், எந்த ஷிப்டுக்கும் வரக்கூடிய இருபது வயதுப் பெண்தான் அதன் தொழிலாளி. கோவை, திண்டுக்கல், ஈரோடு வட்டார நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்தது இதன் மோசமான வடிவம். மூன்றாண்டு விடுதியில் அடைந்து கிடந்து வேலை செய்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருவார்கள். கல்யாணத்தோடு வேலை முடிந்துவிடும் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே எழுதாத ஒரு விதியாக இருந்தது. இன்றைய நவீன ஆலைகளில் கூலியும் பாதுகாப்பும் எவ்வளவோ மேல். ஆனால் கல்யாணம் என்றால் வேலைக்கு முடிவு என்ற கணக்கு மாறவில்லை. அந்த வயதைத் தாண்டிய பெண் வேலையில் நிற்பதும் நிற்காததும் அவளுடைய குடும்பம் எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தது என்று நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். நல்ல மாமியார் வாய்த்தால் போவாள், வாய்க்காவிட்டால் இல்லை. இது மாறாமல், பெண் வேலைவாய்ப்பில் முன்னணி மாநிலம் என்ற பெயர் பாதிப் பெண்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பது என் வாதம்.

ஆதாரத்துக்கு வருவோம். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான ஆண்களில் 98 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள். மணமான பெண்களில் 32 சதவீதம் பேர்தான். குழந்தை பிறப்பதால்தான் பெண்கள் வேலையை விடுகிறார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். உலக வங்கி 2024 அக்டோபரில் தெற்காசியா பற்றி வெளியிட்ட அறிக்கை அதற்கு முந்திய கட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது. குழந்தை பிறக்கும் முன்பே, கல்யாணம் ஆனதாலேயே இந்தியப் பெண்களின் வேலைப் பங்கேற்பு சுமார் 12 சதவீதப் புள்ளிகள் குறைகிறது என்கிறது அது. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. நம் நாட்டில் பெண்கள் ஊர்மாறுவதற்கு முதல் காரணம் கல்யாணம். பழகிய வேலை, கூட வேலை செய்த தோழிகள், வேலை சொல்லிவிடும் அக்கம்பக்கம் எல்லாம் பிறந்த ஊரோடு போய்விடுகின்றன. புகுந்த வீட்டிலோ அவள் வந்த அன்றைக்கே ஒரு முழுநேர வேலை காத்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்வோரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். குழந்தை, முதியவர் பராமரிப்பு இதில் சேராது. அது தனிக் கணக்கு.

குடும்பச் சூழல் எல்லாப் பெண்களையும் ஒரே பக்கம் தள்ளுவதில்லை. கணவன் வருமானம் போதாத வீட்டில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டாவது பெண் வேலைக்குப் போகிறாள். அங்கே யாரும் அனுமதி பற்றிப் பேசுவதில்லை. கணவனுக்கு நிலையான சம்பளம் வந்ததும், நீ எதற்குப் போய்க் கஷ்டப்பட வேண்டும் என்ற பேச்சு வருகிறது. அது அன்பாகவும் இருக்கலாம், அந்தஸ்தாகவும் இருக்கலாம், பெரும்பாலும் இரண்டும்தான். ஒரு சமூகம் வசதியடையும்போது தன் பெண்களை வயலிலிருந்தும் கூலி வேலையிலிருந்தும் விலக்கிக்கொள்வது சாதி ஏணியில் மேலே ஏறும் வழிகளில் ஒன்று என்று சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் வெகுகாலம் முன்பே எழுதினார். தலித் பெண்கள் மற்றவர்களைவிட அதிகம் வெளி வேலைக்குப் போனதை முன்னேற்றம் என்றோ பின்தங்கல் என்றோ ஒரு சொல்லில் அடக்க முடியாததற்குக் காரணமும் அதுதான். விலகியிருக்க அவர்களுக்கு வசதி இல்லை. படித்து நல்ல சம்பளம் வாங்கும் பெண்கள் மறுபடி வேலையில் நிற்பதை இன்னொரு முனையில் பார்க்கிறோம். அவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதி சமையலுக்கும் குழந்தைக்கும் வைத்த ஆளுக்குப் போகிறது. கீழேயும் மேலேயும் பெண்கள் வேலையில் இருக்க, நடுவில் பள்ளம் விழும் இந்த வடிவத்தை அமெரிக்கப் பொருளாதார வரலாற்றில் கிளாடியா கோல்டின் விவரித்தார். 2023-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நடுப்பள்ளத்தில் இன்று நிற்பவர்கள் யார்? பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ படித்து, சில ஆண்டுகள் ஆலையில் சம்பாதித்து, கல்யாணமாகி வீட்டில் இருக்கும் நம் பெண்கள்.

அவர்கள் ஏன் திரும்பிப் போவதில்லை என்பதைத் திருப்பூரில் வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். அங்கே காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஆர்டர் நெருக்கும்போது யாரும் அதோடு கிளம்புவதில்லை. இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை கையில் வாங்கும் சம்பளம் கட்டுப்படியாவது அந்த அரை ஷிப்டால்தான். ஒன்றரை ஷிப்டுக்கு நிற்கும் தாய் காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்புவாள். பள்ளி மாலை நான்கு மணிக்கு விடும். அங்கன்வாடி அதற்கும் முன்பே மூடிவிடும். குழாயில் தண்ணீர் விடும் நாளில் பிடித்து வைக்க ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருக்கிற பெண் பவர் டேபிளில் உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் தைக்கிறாள். இல்லாதவள் ஐந்தரைக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது. அவசர ஆர்டர் நேரத்தில் இவளை நம்ப முடியாது என்ற பேர் வருகிறது. பிறகு செக்கிங், பிசிறு வெட்டுதல் என்று கூலி குறைந்த வேலைக்கு இறங்குகிறாள், அல்லது நின்றுவிடுகிறாள். இருவரும் ஒரே தையல் தெரிந்தவர்கள்தான். வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாளா இல்லையா என்பது ஒன்றே அவர்களுடைய வருமானத்தைப் பிரித்துவிடுகிறது.

வெளியே போக முடியாதவள் வேலையை வீட்டுக்குள் கொண்டுவருகிறாள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்ணைப் பாருங்கள். முதல் நாளே நனைத்து வைத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் நறுக்கி, மடியில் சுளகை வைத்து, தூளை நிரப்பிச் சுருட்டி, நூலால் கட்டுகிறாள். நடுவில் உலை வைக்கிறாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள், மறுபடி சுளகை எடுக்கிறாள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கடையில் கழித்துப் போட்டது போக மிச்சத்துக்குத்தான் காசு. எழுந்து போன நேரம் முழுவதும் அவள் கணக்கில்தான் விழுகிறது. இத்தனைக்கும் இந்த வேலையைத்தான் பெண்கள் கேட்கிறார்கள். 2011–12-இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் மட்டும் இருந்த பெண்களில் கிராமத்தில் 34 சதவீதம் பேரும் நகரத்தில் 28 சதவீதம் பேரும், வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்தால் செய்வோம் என்றார்கள். வேலை செய்ய மனமில்லாதவர்கள் சொல்லும் பதிலா இது? வாசலைத் தாண்ட முடியாதவர்கள் சொல்லும் பதில். அண்மை ஆண்டுகளில் பெண்களின் வேலைப் பங்கேற்பு 2017–18-இல் 23.3 சதவீதமாக இருந்தது 2023–24-இல் 41.7 சதவீதமாக உயர்ந்துவிட்டது என்று மகிழ்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வேலையில் இருப்பதாக எண்ணப்பட்ட பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்பத் தொழிலிலோ நிலத்திலோ கூலியில்லாமல் உதவுகிறவர்கள். உழைப்பு கூடியிருக்கிறது; கையில் காசு கூடியிருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மணமான பெண்ணுக்காகவே திட்டமிட்ட தொழில் ஒன்று நம் கண்ணெதிரே நூற்றாண்டுக்கு மேல் இருந்துவருகிறது: தேயிலைத் தோட்டம். வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் குழந்தை பெற்ற பெண்கள். தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் ஓர் ஆயாவும் இருந்தது அதற்கு ஒரு காரணம். மலையகத்தில் அதைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். இந்தியாவில் 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. தோட்ட வாழ்க்கையின் கொடுமைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் நெருக்கடியும் கூலியின் குறைவும் இன்றும் தீரவில்லை. காப்பகங்களும் எல்லாம் சொல்லும்படியாக இருந்ததில்லை. ஆனாலும் ஒன்று உறுதியாகிறது. மணமான பெண்ணின் கை தொழிலுக்குத் தேவைப்பட்டபோது குழந்தைக்கு இடம் ஒதுக்கினார்கள். மணமாகாத பெண் போதும் என்றபோது விடுதி கட்டினார்கள். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் வேலை ஊருக்கு அருகிலேயே இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று விதித்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். குடும்பத்தோடு ஒத்துப்போகிற வேலை கிடைத்தபோது அவர்களை யாரும் வற்புறுத்தி அழைக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு எதிராக முதலில் சொல்லப்படுவது, பெண்கள் விரும்பித்தானே வீட்டில் இருக்கிறார்கள் என்பது. விரும்பி இருப்பவர்கள் உண்டு. அவர்களை யாரும் ஆலைக்கு இழுத்துப் போகச் சொல்லவில்லை. ஆனால் விருப்பம் என்பது வீட்டில் எவருடைய விருப்பம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே முதலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நூறு நாள் வேலைக் கூலி பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகும்படி செய்து, அதைப் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுத்தபோது, பெண்கள் வேலைக்குப் போவது கூடியது. மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் விரும்பாத வீடுகளில் அந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்பு அந்தப் பெண்கள் வீட்டில் இருந்ததையும் விருப்பம் என்றுதான் எழுதியிருப்போம். ஆண்களின் மனமும் நாம் நினைப்பதுபோல் இறுகிப்போனது அல்ல. சவூதி அரேபியாவின் ரியாத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், மணமான இளைஞர்களில் பெரும்பாலோர் பெண்கள் வெளியே வேலை செய்வதைத் தனிப்பட்ட முறையில் ஆதரித்தார்கள். ஆனால் தங்களைப் போன்ற மற்றவர்கள் ஆதரிக்க மாட்டார்கள் என்று எண்ணினார்கள். மற்றவர்களின் உண்மையான கருத்தைச் சொன்ன பிறகு, அவர்களுடைய மனைவிமார் வேலை தேடுவது அதிகரித்தது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் அஞ்சுகிற அந்த நாலு பேரும் வெளியே சொல்லாமல் வேறொன்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இரண்டாவது, பாட்டி இருக்கும்போது காப்பகம் எதற்கு என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி, எளிதில் ஒதுக்கக் கூடாது. பேரப்பிள்ளையைப் பாட்டியைவிட அன்பாக யார் பார்த்துக்கொள்ள முடியும்? ஆனால் எல்லா வீட்டிலும் பாட்டி இல்லை; பிழைக்க ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தில் பெரும்பாலும் இல்லை. இருக்கிற பாட்டியும் பல வீடுகளில் இன்னும் கூலிக்குப் போகிறவர். முதியோர் பங்கில் கேரளத்துக்கு அடுத்த நிலையில் இருக்கிறது தமிழ்நாடு. குழந்தையைத் தூக்கிய கைகளுக்கே சில ஆண்டுகளில் துணை தேவைப்படும், அப்போது அதே மருமகள் இரண்டாவது முறை வேலையை விடுவாள். தவிர, உதவியும் அனுமதியும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது, வேலைக்குப் போகும் பெண் வீட்டில் எதற்கும் வாய்திறக்க முடியாத நிலையும் உண்டாகிறது. ஒரு மாநிலத்தின் ஏற்றுமதியே பாட்டிமாரின் கூலியில்லா உழைப்பின்மேல் நிற்பதை ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழந்தை கெட்டுப்போகாதா என்பது மூன்றாவது கவலை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் குழந்தைக் காப்பகங்களைத் திறந்தது. தாய்மார் வேலைக்குப் போவது நன்றாகக் கூடியது. அதே திட்டத்தை ஆராய்ந்தவர்கள், சில குழந்தைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் கூடியதையும் பதிவு செய்தார்கள். அதை மறைத்துவிட்டுக் காப்பகத்துக்காக வாதாடுவது நேர்மையாகாது. அவசரமாகத் திறந்து, ஆள் குறைவாக வைத்து நடத்தும் காப்பகம் குழந்தைக்கு நல்லதல்ல என்பதே அதில் நான் படிக்கும் பாடம். ஓர் ஆயாவுக்கு எத்தனை கைக்குழந்தைகள், அவருக்கு என்ன பயிற்சி, என்ன சம்பளம் என்பதெல்லாம் கட்டடத்தைவிட முக்கியம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தாய் வீட்டில் இருப்பதாலேயே குழந்தை தாயின் கவனிப்பில் இருக்கிறது என்பதில்லை. புகையிலைத் தூளின் பக்கத்திலேயே தவழும் குழந்தையும், தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கு விடுப்புப் போடும் அக்காவும் இன்றைய ஏற்பாட்டின் விளைவுகள்தான்.

தமிழக அரசு குடும்பத்தின் அன்றாடத்துக்குள் நுழையத் தயங்கியதில்லை. மதிய உணவு போட்ட மாநிலம் இது. 2021-இல் மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2023 செப்டம்பரில் வந்த மாதம் ஆயிரம் ரூபாயை உதவி என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று அரசு அழைத்தது, வீட்டு வேலையும் உழைப்பே என்று ஒப்புக்கொண்டதன் அடையாளம். அந்த உழைப்பில் ஒரு பங்கை உண்மையாகவே குறைத்தது காலை உணவுத் திட்டம்; அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்க்குக் காலை நேரத்தில் ஒரு சமையல் மிச்சமாகிறது. ஆனால் பிறந்தது முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்குப் பகல் முழுவதும் ஓர் இடம் இல்லை. அங்கன்வாடி அதற்குப் பிறகுதான் குழந்தையைச் சேர்க்கிறது, அதுவும் மாலை நான்கு மணிக்குள் முடிந்துவிடுகிறது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் நம்மிடம் இருக்கின்றன. ஆலைகள் நிறைந்த ஊர்களிலாவது அவற்றில் ஒரு பகுதியைக் காலை எட்டு மணி முதல் இரவு வரை இரண்டு ஷிப்டாக, கூடுதல் ஊழியர்களோடு, கைக்குழந்தைகளுக்கும் நடத்தினால் திருப்பூரும் ஸ்ரீபெரும்புதூரும் ஓசூரும் ஆம்பூரும் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். இருக்கிற அங்கன்வாடி ஊழியர் தலையிலேயே இதையும் ஏற்றுவது கூடாது. அவர்களும் மணமான பெண்கள்தான்.

செலவை யார் ஏற்பது என்பதில்தான் இதுவரை பிழை செய்துவந்திருக்கிறோம். 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்றார்கள். நோக்கம் நல்லது. ஆனால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத பெண்ணின் விடுப்புச் சம்பளம் முழுவதையும், காப்பகச் செலவையும், அவளை வேலைக்கு வைத்த ஒரே முதலாளி தர வேண்டும் என்றால், அவர் மணமான பெண்ணை எடுக்கவே யோசிப்பார். மகப்பேற்றுச் செலவைத் தனி முதலாளி தலையில் சுமத்தக் கூடாது, சமூகக் காப்பீட்டிலிருந்து தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்வது இதனால்தான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. அப்படித்தான் தருகிறது, அது நம் நாட்டில் நடக்கும் வழிமுறையே. காப்பகத்துக்கும் அதையே செய்யலாம். ஆணோ பெண்ணோ, எத்தனை தொழிலாளர்கள் இருக்கிறார்களோ அத்தனை பேர் கணக்கில் எல்லா நிறுவனங்களிடமும் ஒரு சிறு தொகை வசூலித்து, அரசும் தன் பங்கைப் போட்டு, சிப்காட் வளாகத்துக்கும் பனியன் கம்பெனிகள் நெருங்கியிருக்கும் தெருக்களுக்கும் பொதுவாகக் காப்பகம் நடத்த வேண்டும். பெண்ணை வைத்தாலும் வைக்காவிட்டாலும் முதலாளிக்குச் செலவு ஒன்றே என்றாகிவிட்டால், அவளைத் தவிர்க்க அந்தக் காரணம் இருக்காது. பத்துப் பேரை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்டின் தொழிலாளிக்கும் அப்போதுதான் இது கிடைக்கும். இன்றைய சட்டத்தின் 50 பேர் வரம்பு அவளைத் தொடுவதே இல்லை. ஒரு விதி மட்டும் கறாராக இருக்க வேண்டும்: குழந்தையை விடும் உரிமை தாய்க்கு மட்டும் என்றில்லாமல், அங்கே வேலை செய்யும் தகப்பனுக்கும் இருக்க வேண்டும். காலையில் குழந்தையைக் கொண்டுவந்து விடுவதும், ஷிப்ட் முடிந்து கூட்டிப் போவதும், காய்ச்சல் என்று ஆயா போன் செய்தால் பர்மிஷன் கேட்டுக் கிளம்புவதும் ஆணுக்கும் வேலையானால், அவசர ஆர்டருக்கு எத்தனை மணிவரை ஆளை நிறுத்தலாம் என்பதை மேலாளர்களும் வேறு விதமாக யோசிக்கத் தொடங்குவார்கள்.